தாழக் கட்டிய கொடிக்கயிறு

செத்துப்போனவளோடு சண்டை பிடிக்க முடியாது. அமலிக்கு அதுதான் பெரிய குறை. உயிரோடு இருக்கிறவள் என்றால் குழாயடியில் குடத்தோடு குடம் இடிக்கலாம், சேலையைப் பார்த்து மூக்கைச் சுளிக்கலாம், ஒன்றும் முடியாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது போகலாம். அற்புதமோ மாதா கோயிலுக்குப் பின்னால் சில்வர் ஓக் மர நிழலில் நிம்மதியாகப் படுத்திருந்தாள். படுத்த இடத்திலிருந்தே, கொட்டச்சேட்டு எஸ்டேட் ரைட்டர் வீட்டில் உப்பு எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டுக்கொண்டிருந்தாள்.

அற்புதம், எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் தேவசிகாமணியின் முதல் மனைவி. பிள்ளை இல்லை. காமாலை கண்டு போய்ச் சேர்ந்தாள். சில வருஷம் ஒற்றையாகக் கிடந்தவருக்கு, போன ஈஸ்டர் கழிந்த கையோடு சேலம் அரிசிப்பாளையத்திலிருந்து அமலியைக் கட்டிவைத்தார்கள். பஸ் ஏற்காடு மலையேறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் மனசுக்குள் தன் வீட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டே வந்தாள். ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின். அதன்மேல் பூப்போட்ட விரிப்பு. கூடத்து நடுவில் ரெண்டு நாற்காலி, எதிரும் புதிருமாக, சாயந்திரம் உட்கார்ந்து காபி குடிக்க. வெளியே மூடுபனி.

மூடுபனி மட்டும் அவள் நினைத்தபடி இருந்தது. வீட்டில் நடுக்கூடம் துடைத்துவிட்டாற்போல் வெறிச்சென்று கிடக்க, பெஞ்சு, பெட்டி, நாற்காலி, பழைய சாக்குக் கட்டு, உடைந்த முறம், கண்ணாடி போன லாந்தர் என்று வேண்டியதும் வேண்டாததும் சுவரோரம் நெருக்கியடித்து நின்றன. எதையும் தூக்கிப் போடக் கூடாது, எதையும் நகர்த்தக் கூடாது. அடுப்படித் தட்டுகளில் பிஸ்கட் டப்பாவும் பால்பவுடர் டப்பாவும் வரிசை கட்டியிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஏதாவது ஒரு சுற்று. உப்புக்குக் கந்தைத்துணி முடிச்சு. சர்க்கரைக்கு ரப்பர் பேண்டு. காபித்தூளுக்குச் சணல். தையல் மெஷின் கட்டிலடிக்குப் போயிற்று.

கொல்லையில் அதைவிட வேடிக்கை. பின்வாசலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் ஒரு கொடிக்கயிறு, இடுப்பு உயரத்தில். சேலையை உலர்த்தினால் பாதிச் சேலை மண்ணில் புரளும்.

"இத்தனை தாழ யாராச்சும் கொடி கட்டுவாங்களா?" என்று பக்கத்து வீட்டுச் செல்வமேரியிடம் கேட்டாள். எஸ்டேட் லாரி டிரைவரின் மனைவி செல்வமேரி. லாரிக்காவது ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டு, அவள் நாக்குக்குக் கிடையாது.

"அற்புதக்கா கட்டுனது கண்ணு. அவுங்க வெச்சா வெச்சதுதான். எங்கூட்ல ஒரு சாவியத் தேடறதுக்குள்ள பொழுது போயிரும். அவுங்கூட்ல ரைட்டரு கண்ண மூடிக்கிட்டே எடுப்பாரு."

"அப்படிங்களா."

"ரெண்டு பேரும் கையக் கோத்துக்கிட்டுத்தான் நடப்பாங்க, வெள்ளைக்காரங்களாட்ட. கிறிஸ்மஸ் ராப்பூசைக்கு லாரி ஏறப் போறப்பகூட உடமாட்டாங்க. நாங்கெல்லாம் சிரிப்போம். அக்கா போனதுக்கப்புறம் மனுசன் ராப்பூசைக்கே வர்றதில்ல பாரு. நொம்பப் பாசம் கண்ணு!"

அமலி ஈரச் சேலையைக் கொடியிலிருந்து வெடுக்கென்று உருவிக்கொண்டாள். அவளோடு ஏற்காடு பஜாருக்குப் போனால் அவர் பத்தடி முன்னால் போகிற ஆள். பட்டப்பகலில் போய், பட்டப்பகலிலேயே திரும்பி வருவார்கள். கையைக் கோப்பதாவது!

நல்ல மனிதர்தான். அதட்டிப் பேசமாட்டார். காபிப் பழம் பறிக்கிற பருவத்தில் மற்ற இடங்களில் இருட்டும்வரை எடை போடுவார்கள். இவர் வெயில் இருக்கும்போதே எடையை முடித்துத் தராசைக் கட்டி வைத்துவிடுவார். பறிக்கிறவர்கள் முணுமுணுத்தாலும் கேட்கமாட்டார். பொழுது சாயுமுன் வீட்டுக்குள் இருப்பார். அது தனக்காக என்று அமலி முதலில் பூரித்துப்போனாள்.

ஒரு நாள் விளக்கேற்றுகிற நேரத்தில் அந்தப் பூரிப்பும் போயிற்று. எஸ்டேட்டில் கரண்டு துரை பங்களாவோடு நின்றுவிட்டது. அமலி சிம்னியைத் துடைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் தேவசிகாமணி தட்டின் முன்னால் நின்று, டப்பா டப்பாவாக விரலால் வருடிக்கொண்டே போனார். கந்தை முடிச்சு வந்ததும் விரல் நின்றது. அந்த முடிச்சை ஒரு கணம் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உப்பை எடுத்தார். எத்தனை பதமாக, எத்தனை மெதுவாக! அந்த விரல்கள் தன் முகத்தில் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை என்று அமலி நினைத்தாள்.

மறுநாள் அவள் உப்பு டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினாள். அடுத்த நாள் காலையில் அது மேல்தட்டில் இருந்தது. மறுபடி இறக்கினாள். மறுபடி ஏறியது. ஒரு வார்த்தை பேச்சில்லாமல் புருஷனும் பெண்டாட்டியும் உப்பை ஏற்றி இறக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் ஜெயித்தது மூன்றாவது ஆள்.

டிசம்பரில் சுண்ணாம்பு வந்தது. கிறிஸ்மஸுக்கு முன்னால் குவார்ட்டர்ஸ் எல்லாவற்றுக்கும் எஸ்டேட்டில் சுண்ணாம்பு கொடுப்பார்கள். வீட்டை ஒழித்து, சாமானெல்லாம் வாசலில் போட்டு, வெள்ளையடித்து, திரும்ப உள்ளே ஏற்ற வேண்டும்.

"எடுத்தத எடுத்த எடத்துலயே வெச்சிரு அமலி" என்றார் தேவசிகாமணி, வேலைக்குக் கிளம்பும்போது.

"ஏனுங்க, ஒரு டப்பாகூட மாத்தப்படாதுங்களா?"

"மாத்தாதே." கொஞ்சம் நின்று, "பழகிப்போச்சு" என்றார்.

பழகிப்போச்சு! அந்த ஒரு சொல் போதும், அமலி முடிவு பண்ணிவிட்டாள்.

தலைச்சோலையிலிருந்து விறகு கொண்டுவரும் சின்னத்தாயி அன்று வந்தபோது, வாசலில் டப்பாக்கள் மலைபோல் கிடந்தன.

"எடுத்துக்கிட்டுப் போ."

"அத்தனையுமா அம்மிணி? எங்கூட்டுச் சாமையும் ராகியும் இன்னிக்கிருந்து பங்களாவுல குடியிருக்குமாட்ட இருக்குது!" சின்னத்தாயி விறகுச் சும்மாட்டின் மேலேயே டப்பா மூட்டையை ஏற்றிக்கொண்டு, அமலி மனசு மாறுவதற்குள் போய்விட்டாள்.

உடைந்த முறம் அடுப்புக்குப் போயிற்று. சாக்குக் கட்டு, லாந்தர், காலொடிந்த முக்காலி எல்லாம் சரிவில் உருண்டன. அம்மா சீராகக் கொடுத்த எவர்சில்வர் டப்பாக்கள் பெட்டியிலிருந்து வெளியே வந்து, ஒரே அச்சாகத் தட்டுகளில் மினுங்கின. தையல் மெஷின் ஜன்னலோரம். நடுக்கூடத்தில் ரெண்டு நாற்காலி, எதிரும் புதிருமாக. கடைசியில் கொல்லைக்குப் போய், அந்தத் தாழ்ந்த கயிற்றை அரிவாளால் ஒரே வெட்டு. அதையே கொய்யா மரத்துக்கும் கூரைக்குமாக எட்டாத உயரத்தில் இழுத்துக் கட்டினாள். எட்டு மாசமாகக் கழுத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தியை இறக்கி வைத்தது போலிருந்தது.

அன்றைக்குப் பனி சீக்கிரமே இறங்கிவிட்டது. தேவசிகாமணி வரும்போது வாசல் தெரியவில்லை. உள்ளே வந்தவர் நாற்காலியில் இடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அமலி விளக்கைத் தூண்டிவிட்டுக் காத்திருந்தாள். திட்டட்டும், கையை ஓங்கட்டும். அற்புதத்துக்காக வருகிற கோபத்தையாவது ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும்.

"என்னங்க, ஒண்ணுமே சொல்லலீங்களே?"

"நல்லாருக்கு" என்றார் அவர். மெஷினைப் பார்க்கவில்லை, எவர்சில்வரைப் பார்க்கவில்லை. வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னார். நாற்காலியைத் தடவிச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார்.

என் வீட்டைக் கண்கொண்டு பார்க்கக்கூட மனசில்லை என்று அமலி பல்லைக் கடித்தாள். அப்போது கொல்லையில் கல் சரிகிற சத்தம் கேட்டது.

கொல்லையின் ஓரத்தில், மண் சரியாமலிருக்க அடுக்கிய கல்கட்டு. அதற்குக் கீழே காபிச் செடிகள். விளக்கோடு ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் செடிகளுக்கு நடுவே மண்டியிட்டிருந்தார். வலது கை மடங்கித் தொங்கியது. இடது கை இடுப்பு உயரத்தில் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது.

"கயிறு... கயிறு எங்க போச்சு? அமலி? எங்க நிக்கறே?"

அவள் எதிரிலேயே நின்றாள். விளக்கை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினாள். அந்தக் கண்கள் அவளைத் தாண்டி வேறெங்கோ பார்த்தன.

கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்து, கையை அசைத்துப் பார்த்தாள். எலும்புக்கு ஒன்றுமில்லை. தோளிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்திருந்தது.

"மாலைக்கண்" என்றார் அவர். "சின்ன வயசுலருந்தே. பகல்ல ஒண்ணுமில்ல. பொழுது சாஞ்சா வெளக்குகூட ஒரு புள்ளியாட்டந்தான். மீன் எண்ணெயெல்லாம் குடிச்சுப் பாத்தாச்சு. தொரைக்குத் தெரிஞ்சா ரைட்டர் வேலை போயிரும். உனக்குத் தெரிஞ்சா..."

"தெரிஞ்சா?"

"குருடனுக்குக் கட்டி வெச்சுட்டாங்கன்னு பஸ் ஏறிருவியோன்னு."

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே அழுதிருப்பாள். அமலியின் வாய் கேட்டது வேறு.

"அவுங்ககிட்ட மட்டும் எப்படிச் சொன்னீங்க?"

"யார்கிட்ட? அற்புதத்துகிட்டயா? நான் எங்க சொன்னேன்! வந்த கொஞ்ச நாள்லயே அவளே கண்டுபிடிச்சுட்டா. ஒண்ணும் கேக்கல. ஒரு நாள் கைய நீட்டுனேன், கயிறு இருந்துச்சு."

அமலி வாங்கிய அடிகளிலேயே அதுதான் பலமான அடி. அற்புதம் கொஞ்ச நாளில் கண்டுபிடித்திருக்கிறாள். நாமோ எட்டு மாசமாக இந்த மனிதரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருக்கிறோம். டப்பாவைத் தடவிய விரல்களைப் பார்த்தோம், சீக்கிரம் கட்டிய தராசைப் பார்த்தோம், பத்தடி முன்னால் நடந்த முதுகைப் பார்த்தோம். பார்த்த இடத்திலெல்லாம் இன்னொருத்தியின் முகம் தெரிந்ததே தவிர, இவர் முகம் தெரியவில்லை.

மறுநாள் செல்வமேரி தைலப் புட்டியோடு வந்தாள். ரைட்டர் பனியில் வழுக்கி விழுந்தார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"எங்கூட்டுக்காரர உட்டுச் சின்னத்தாயிகிட்ட டப்பாவ வாங்கியாறச் சொல்றேன் கண்ணு. எது எங்க இருந்துச்சுன்னு எனக்கு அத்துப்படி. அக்கா வெச்சாப்புலயே வெச்சிரலாம். ரைட்டருக்கும் மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

அதுதான் சுலபம், அதுதான் நியாயம் என்று அமலிக்குத் தெரிந்தது. ஆனால் அந்த அளவுக்கு அவள் நல்லவள் இல்லை.

"வேண்டாங்க்கா. குடுத்ததத் திருப்பிக் கேக்கப்படாது."

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தையல் பெட்டியை எடுத்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு எவர்சில்வர் டப்பாவுக்கும் கழுத்துப்பட்டி தைத்தாள். உப்புக்குப் பெரிய கோட்டுப் பொத்தான். சர்க்கரைக்கு லேஸ். காபித்தூளுக்கு ஊக்கு. மிளகாய்த்தூளுக்கு ரெண்டு சின்னப் பொத்தான். உப்பு கீழ்த்தட்டிலேயே இருந்தது.

"கண்ண மூடுங்க."

"பகல்லயா?"

"மூடுங்கங்கறேன். சர்க்கரைய எடுங்க."

அவர் கை மேல்தட்டுக்குப் போய் வெறுமையில் நின்றது. பிறகு இறங்கி, தடவி, ஒரு டப்பாவைத் திறந்து, விரலை நாக்கில் வைத்தது.

"யேசுவே! காரம்!"

"நான் என்ன பண்ணட்டும்? லேசுக்கும் பொத்தானுக்கும் வித்தியாசம் தெரியலன்னா அது கண்ணு குத்தமில்லீங்க" என்று தண்ணீரை நீட்டினாள். இருமலோடு அவர் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாற்காலிகளை மட்டும் அவள் சுவரோரம் தள்ளினாள். அதுவும் அற்புதம் வைத்த சுவரில்லை. எதிர்ச்சுவர்.

"அவுங்க கயித்த எதுவரைக்கும் கட்டியிருந்தாங்க?"

"கக்கூஸ் வரைக்கும். உனக்குத்தான் தெரியுமே."

"நான் வாசல் கேட் வரைக்கும் கட்டறேன்."

"கேட்டுக்கு எதுக்கு? பொழுது சாஞ்சா நான் எங்க போகப் போறேன்?"

அமலி பஜாரில் புதுத் தேங்காய்நார்க் கயிறு வாங்கிவந்து, பின்வாசலில் தொடங்கி, வீட்டை வளைத்து, கேட் வரைக்கும் இழுத்துக் கட்டினாள், இடுப்பு உயரத்தில்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், பொழுது சாய்ந்ததும் ராப்பூசைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொள்ள எஸ்டேட் லாரி கேட்டுக்கு அப்பால் திருப்பத்தில் வந்து நின்றது. தேவசிகாமணி வெள்ளைச் சட்டையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட் வரை தானே வந்தார். அங்கே கயிறு முடிந்தது. அமலி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பனிக்குள் ரெண்டு பேரும் நடந்தார்கள். கைகோத்து நடப்பது இப்படித்தான் இருக்குமா என்று அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, ஊரெல்லாம் பார்க்கட்டும் என்றும் இருந்தது.

ஊர் பார்த்தது. லாரியின் மேலிருந்து செல்வமேரியின் குரல் வந்தது.

"அடடே, ரைட்டரு ராப்பூசைக்கு வர்றாருங்கோ! எங் கண்ணே பட்ரும் அமலி. அப்படியே அற்புதக்கா கூட்டிக்கிட்டு வர்றாப்புலயே இருக்குது!"

அமலி நின்றுவிட்டாள்.

"என்னாச்சு?" என்றார் அவர்.

"அவுங்க எந்தக் கையப் புடிப்பாங்க?" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

அவர் யோசித்தார். யோசித்தாரோ, சிரிப்பை அடக்கினாரோ.

"எடது கை."

அவள் பிடித்திருந்ததும் இடது கைதான். லாரி நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, கையை விட்டாள். அவர் பனிக்கு நடுவில் ஒரு கணம் தனியாக நின்றார். அமலி அவரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தாள். அடிபட்ட கை, சட்டைக்குள் இன்னும் கட்டுப் போட்டிருந்த கை. வலிக்காமல் மெதுவாகப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நடங்க" என்றாள்.