பெரியப்பாவுக்குத் தெரிந்தால்

1

அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: அரிகிருஷ்ணனாகிய நான், என் தம்பி ஏகநாதன், அவன் மனைவி கங்கையம்மாள், அவர்கள் மகள் பதினைந்து வயது ஜெயக்கொடி, அவளுடைய வகுப்பாசிரியை அமலராணி. வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்லும் உறவினர்கள் அன்று அங்கே இல்லை. 1991ஆம் வருடம்.

நான் இதை எழுதுவதாக இருக்கவில்லை. எங்கள் குடும்பத்து விஷயம் வாசலைத் தாண்டியதில்லை. எழுதச் சொன்னவள் ஜெயக்கொடி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தாம்பரம் கடைத்தெருவில் ஒரு கயவன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். அவன் கண்களில்...’

நிறுத்திவிட்டேன். கயவன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், உங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்கிறவன்மேல் உங்களுக்குச் சந்தேகமே வராது.

அந்த ஸ்டூடியோக்காரன் குப்புராஜ் மரியாதையானவன். ஜெயக்கொடியின் மஞ்சள் நீராட்டுக்குப் படம் எடுத்தவன். பட்டுப்புடவையில் அவள் நிற்கும் படத்தைப் பெரிதாக்கித் தன் கடைக் கண்ணாடியில் வைக்க என்னிடம் அனுமதி கேட்டான். எங்கள் பக்கத்தில் அது பெருமை. வேலை இல்லாத நாளிலும் அந்த வழியாக நடந்து பார்த்திருக்கிறேன். (இந்த வரியை எடுக்கச் சொன்னான் ஏகநாதன். இருக்கட்டும்.)

அந்தப் படத்தைச் சாக்காக வைத்துத்தான் பள்ளி வாசலில் அவளிடம் பேச ஆரம்பித்தான். விளம்பரத்துக்கு ஏற்ற முகம் என்றான், வளையல் கொடுத்தான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றான். இன்னும் சில படங்கள் எடுத்தான். பிறகு குரல் மாறியது. சனிக்கிழமை தனியாகக் கடைக்கு வராவிட்டால் அந்தப் படங்கள் உன் பெரியப்பா கைக்குப் போகும் என்றான்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அவள் மூடி வைப்பதை அமலராணி கவனித்தார். விசாரித்தார். அந்தச் சனிக்கிழமை அவளைக் கடைக்குப் போகவிடாமல் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். மறுநாள் எங்களிடம் வந்தார்.

3

இந்த இடத்தில் என்னை நிதானமானவனாக எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. வெளி ஆள் ஒருவர் என் கூடத்தில் உட்கார்ந்து எங்கள் பெண்ணைப் பற்றிச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெண்ணோ சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். ஆண்கள் முடிவு எடுக்கும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் நிற்கும் இடம் அது.

“தை பொறந்ததும் கட்டிக் குடுத்துடலாம்ணா. வெளிய தெரிஞ்சா இன்னா ஆவறது?” என்றான் ஏகநாதன்.

கங்கையம்மாள் அழுதாள். பொழிச்சலூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பலாம் என்றாள்.

அமலராணி என்னைப் பார்த்தார். “எல்லாரும் பேசிட்டீங்க சார். அவளை ஒரு வார்த்தை கேளுங்க.”

கேட்டுப் பழக்கமில்லை. கூடத்துக்கு வரச் சொன்னேன். எனக்கு எதிரே உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“உங்களுக்குத் தெரிஞ்சா ஸ்கூலை நிறுத்திடுவீங்கன்னு அந்த ஸ்டூடியோக்காரர் சொன்னார் பெரியப்பா. நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

(இதற்குப் பிறகு ஒரு நீளமான பத்தி எழுதியிருந்தேன். மானம் என்று நான் காத்துவந்ததை ஒருவன் எங்கள் வீட்டுக் குழந்தையை மிரட்ட எடுத்துக்கொண்டான் என்று. அவள் சொன்னதே போதும்.)

“நிறுத்துவீங்களா?” என்றாள்.

4

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் ஏகநாதன் கடைக் கண்ணாடியை உடைக்கிறான். ஒன்றில் நான் அவள் தலையில் கை வைத்து நல்ல வசனம் பேசுகிறேன். மூன்றாவதில் அவளும் நானும் ஆசிரியையும் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். புகாரை அவளே சொல்கிறாள், நடுவே நான் தண்ணீர் கொடுக்கிறேன். குப்புராஜுக்கு என்ன ஆனது என்று நான் சொல்லப்போவதில்லை. இது அவன் கதை அல்ல. மற்றதை நீங்கள் தேர்ந்துகொள்ளலாம்.

ஒன்றை மட்டும் உங்களிடம் விடமுடியாது. அரிகிருஷ்ணன் வீட்டுப் பெண்ணின் படிப்பை நிறுத்தி, அவசரமாகக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று செம்பாக்கத்தில் இன்றும் ஒரு பேச்சு உண்டு.

அது தவறு. மறுநாள் திங்கட்கிழமை. ஜெயக்கொடி பள்ளிக்குப் போனாள்.