நீதவான் வீட்டுக்கு வந்த பேய்கள்

இப்போதெல்லாம் ஒக்டோபர் முடிகிற நாளில் சிட்னியின் செவன் ஹில்ஸில் பேய்களுக்குப் பஞ்சமில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கே வாளி ஏந்தி வரிசையாக வருகின்றன. கடதாசி சுற்றிய இனிப்பை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகின்றன. இரஞ்சிதம் மட்டும் கதவை அகலத் திறந்து, உள்ளே வந்து இருந்து சாப்பிட்டுப் போகச் சொல்லுவாள். கேற்றடியில் நிற்கும் தாய் தகப்பன்மார் அவசரமாகப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கம் அவளோடு ஒட்டிக்கொண்டது எழுபத்தாறாம் ஆண்டில்.

அந்தக் காலத்தில் மேற்குச் சிட்னி முழுவதும் அரித்துப் பார்த்தாலும் அவளுடைய வீட்டையும் சேர்த்துத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் ஐந்துதான். ஐந்தும் ஞாயிறு தவறாமல் டொக்டர் கேதீஸ்வரன் வீட்டில் சேரும். ஐந்து குடும்பமென்றாலும் தலைவர், செயலாளர், தீர்மானம் எல்லாம் உண்டு. இரஞ்சிதத்தின் கணவர் வரதராஜாதான் செயலாளர். ஊரில் நீர்ப்பாசன எஞ்சினியராக இருந்தவர், பரமட்டாவில் ஒரு கம்பனியில் மற்றவர்கள் சொல்லுகிற கோடுகளை வரைந்துகொண்டிருந்தார். ஊருக்கு எழுதும் கடிதங்களில் எஞ்சினியர் உத்தியோகம் இடைவெளியின்றித் தொடர்ந்தது.

அந்தக் கம்பனிக்கு ஆறு மாதத்துக்கென்று ஓர் அமெரிக்கர் வந்திருந்தார். தேநீர் இடைவேளையில் அவர் வரதராஜாவுக்கு ஒரு சங்கதி சொன்னார். முப்பத்தோராம் திகதி பிள்ளைகள் பேய்வேடம் போட்டு வீடுவீடாக வருவார்களாம். இனிப்புக் கொடுத்தால் சரி, கொடுக்காவிட்டால் ஏதாவது குழப்படி செய்துவிட்டுப் போவார்களாம். அவர் தன்னுடைய ஊரைப் பற்றிச் சொன்னார். அந்த வழக்கம் இங்கேயும் உண்டா என்று வரதராஜா கேட்கவில்லை. வெள்ளைக்காரர் எல்லோருக்கும் ஒரே கலண்டர்தானே.

விஷயம் அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு வந்தது. கதவைத் திறப்பதா, பூட்டிவிட்டு உள்ளே இருப்பதா என்று மூன்று மணித்தியாலம் விவாதம். வீடுவீடாகத் தட்டி வாங்குவது பிச்சை, படித்த நாங்கள் அதை ஊக்குவிக்கலாமா என்று டொக்டர் கேட்டார். பேயென்று சொல்லிக்கொண்டு வருவதை வலிய உள்ளே எடுக்கவேண்டாம் என்றார் இன்னொரு வீட்டுக்காரரான பாலகிருஷ்ணன். அவர் ஏற்கெனவே தெருவோர மரத்தில் குழை முறித்து வாசலில் கட்டியிருந்தார். அது வேம்பில்லை, வேம்பு மாதிரி ஒன்று என்று யாரோ சுட்டிக்காட்டினார்கள்.

"இஞ்சத்தைப் பேய்க்கு வித்தியாசம் தெரியப்போகுதே?" என்று பாலகிருஷ்ணன் கேட்டார்.

கடைசியில் தீர்மானம் எழுதப்பட்டது: வருவோரை இந்நாட்டு மரபுப்படி வரவேற்பது, ஆனால் நிலைப்படியைத் தாண்ட விடுவதில்லை. அந்த மூன்று மணித்தியாலத்தில், தெருவிலுள்ள ஒருவரிடம் கேட்டுப் பார்க்கலாமே என்று எவருக்கும் தோன்றவில்லை.

குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த இரஞ்சிதத்துக்குத் தீர்மானத்தின் பின்பாதி பிடிக்கவில்லை. வாசலில் நிற்கவைத்துக் கொடுத்தால்தான் அது பிச்சை. கூப்பிட்டுக் கதிரையில் இருத்திக் கொடுத்தால் வந்தவர் விருந்தாளி. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு விருந்தாளி. அந்தத் தெருவுக்கு வந்து இரண்டு வருஷம், தெருவிலுள்ள ஒரு சீவன் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. கணவர் வேலைக்குப் போனால் அவள் வாய் திறப்பது தபால்காரருக்கு ஒரு குட்மோர்னிங் சொல்லத்தான். புதிதாக வாங்கிய சோபாவின் பொலித்தீன் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை. தகுந்த ஆட்கள் வரும் நாளில் கழற்றலாம் என்பது வரதராஜாவின் உத்தரவு.

பின்வளவுக்குள் மட்டும் இடையிடையே ஏதாவது வந்து விழும். தெருப் பிள்ளைகளின் ரெனிஸ் பந்து. அவள் அதை எடுத்துக் கழுவித் துடைத்து, கதவடியில் ஒரு கூடைக்குள் வைப்பாள், கேட்டு வந்தால் கொடுக்கலாமென்று. பந்து ஏழாகிவிட்டது. கேட்டு ஒருவரும் வரவில்லை.

முப்பத்தோராம் திகதி ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது, கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். இரஞ்சிதம் விடியவே எழும்பி, உருளைக்கிழங்கும் மிளகாயும் உள்ளே வைத்து மடித்து அறுபது பற்றிஸ் பொரித்தாள். பூசணிக்காயில் முகம் வெட்டவேண்டும் என்று அமெரிக்கர் சொல்லியிருந்ததால், வரதராஜா முதலில் அந்த முகத்தை வரைதாளில் அளவுத்திட்டத்தோடு வரைந்தார். பக்கப் பார்வையும் வரைந்தார். ஆனால் இந்த ஊர்ப் பூசணி சாம்பல் நிறத்தில் அம்மிக்கல் மாதிரி இருந்தது. கத்தி வளைந்தது. மத்தியானத்துக்குள் ஒரு கண்ணும் அரை வாயும் தேறின. குடைந்தெடுத்தது கறிக்கும், முகம் வாசற்படிக்கும் போயின.

ஐந்து மணிக்கு அவர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக முன் கதிரையில் அமர்ந்தார். வருகிற பிள்ளைகளுக்கு இரண்டு நிமிஷம் பேச ஓர் உரையும் சட்டைப்பையில் இருந்தது. அன்றைக்குத்தான் மாநிலம் முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். ஏழு மணிக்கும் வெயில் எறித்தது. எதிர்வீட்டுக்காரர் அரைக்காற்சட்டையோடு கார் கழுவினார். எங்கோ புல்லு வெட்டும் மெஷின் இரைந்தது. பேய் நடமாடுகிற இலட்சணம் எதுவும் அந்தத் தெருவில் இல்லை.

"எங்கட வீட்டை மட்டும் விட்டுட்டுப் போயிருப்பினம். நிறத்தைப் பார்த்துத்தான்," என்றார் வரதராஜா.

 நாலு மணியிலிருந்து யன்னலடியில் நின்றவள் இரஞ்சிதம்.

"இஞ்சேருங்கோ, ஒரு வீட்டுக்கும் ஒருத்தரும் போகேல்லை."

"அப்ப இவையள் தங்கட வழக்கமே தெரியாத சனம்," என்று அவர் தீர்ப்புச் சொன்னார்.

அவள் அறுபது பற்றிஸையும் பார்த்தாள். பெரிய தட்டில் இருபதை அடுக்கினாள்.

"எங்க போறீர்?"

"பக்கத்து வீட்டுக்கு."

"தீர்மானம் வாறவையைப் பற்றி மட்டும்தான். நாங்கள் போறதைப் பற்றி அதில ஒண்டும் இல்லை."

"அப்ப தடையும் இல்லைத்தானே," என்றுவிட்டு அவள் பட்டுச்சீலைக் கொய்யகத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள்.

பக்கத்து வீட்டு டொரீனுக்கு அறுபது வயதிருக்கும். இரண்டு வருஷத்தில் வேலிக்கு மேலால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான் பழக்கம். தலைமயிரில் சுருள்குழல்களோடு வந்து கதவைத் திறந்தார். வருகிறவர்கள் சொல்லவேண்டியது இதுதான் என்று கணவர் சொல்லிக் கொடுத்ததை இரஞ்சிதம் ஒப்புவித்தாள்.

"ட்ரிக் ஓர் ட்ரீட்."

டொரீன் அவளையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்தார். "அதுக்கு நான் என்ன செய்யவேணும், கண்ணே?"

இரஞ்சிதம் யோசித்தாள். "சாப்பிடவேணும்."

டொரீன் ஒன்றைக் கடித்தார். கண் கலங்கியது, மூக்கு ஓடியது. முந்தானையே இல்லாத உடுப்பில் எதையோ தேடிவிட்டுப் புறங்கையால் துடைத்துக்கொண்டு இரண்டாவதை எடுத்தார்.

"இண்டைக்கு உங்கட பண்டிகையா?"

"இல்லை," என்றாள் இரஞ்சிதம். "உங்கட."

"எங்கடயா? ஆர் சொன்னது?"

அவள் திரும்பித் தன் வீட்டுப் படிக்கட்டில் இருந்த ஒற்றைக்கண் பூசணியைக் காட்டினாள். டொரீன் அதைக் கிட்டப் பார்க்கவேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். பார்த்துச் சிரித்த சிரிப்பில் கார் கழுவியவர் தண்ணீரை நிறுத்திவிட்டார். பிறகு டொரீன் வாய்க்குள் இரண்டு விரலை வைத்து ஒரு விசில் அடித்தார். தெருவில் பந்தடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடிவந்து படிக்கட்டடியில் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவரும் மேலே ஏறவில்லை.

"பயப்படுதுகள். இந்த வீட்டுக்கு இதுகள் வைச்ச பேர் நீதவான் வீடு," என்றார் டொரீன். "உன்ர மனுசன் குப்பை வாளி வைக்கக்கூட வழக்குத் தீர்க்கப் போறவர் மாதிரிக் கழுத்துப்பட்டியோட வாறவர். உங்கட வளவுக்குள்ள பந்து விழுந்தா அது போனதுதான். பேசாமப் போய் வேற பந்து வாங்குதுகள்."

இரஞ்சிதம் உள்ளே போய்க் கூடையைத் தூக்கி வந்தாள். ஏழு பந்துகள், கழுவித் துடைத்தபடி. பிள்ளைகள் தங்கள் தங்கள் பந்தை அடையாளம் கண்டு சத்தம்போட்டார்கள். பந்து கையில் வந்ததும் கால்கள் தாமாகப் படி ஏறின. நிலைப்படியையும் தாண்டின.

பதினொரு பிள்ளைகள். செருப்பில்லாத கால்கள், புல் ஒட்டிய முழங்கால்கள். சோபாவில் டொரீனோடு ஐந்து பேரும் நிலத்தில் ஆறு பேருமாக இருந்து பற்றிஸைக் கடித்துவிட்டுத் தண்ணீருக்கு ஓடினார்கள், திரும்பி வந்து கடித்தார்கள். டொரீன் எழும்பும்போது பொலித்தீன் உறை அவருடைய கால்களோடு கிளம்பி வந்தது. இரஞ்சிதம் அதை உரித்து விடுகிற சாட்டில் முழுவதையுமே உருவிச் சுருட்டிக் குசினிக்குள் எறிந்தாள். தகுந்த ஆட்களா என்று ஒருவரையும் கேட்கவில்லை.

வரதராஜா உரையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார், கூட்டத்தைப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார். நீதவான் என்ற பெயர் காதில் விழுந்தபோது மட்டும் கழுத்துப்பட்டியை ஒருதரம் நிமிர்த்திவிட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கணக்கெடுத்தபோது மற்ற நாலு வீட்டுக்கும் ஒரு பேயும் வரவில்லை. பாலகிருஷ்ணன் தன் குழையின் மகிமை என்றார். வரதராஜா எழுந்து, தம்முடைய இல்லத்துக்கு அயலவர் பன்னிருவர் தாமாகவே வருகை தந்ததாக அறிக்கை வாசித்தார். ஊருக்குப் போன கடிதத்தில், இங்கே தம்மை நீதவானாகவே மதிக்கிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. யார் யாருடைய கதவைத் தட்டியது என்பதை இரஞ்சிதம் திருத்தப் போகவில்லை.

அதன் பிறகு அவர்களுடைய வளவுக்குள் பந்து விழுவது நன்றாகக் கூடிப்போயிற்று, விசேஷமாக அவள் எதையாவது பொரிக்கும் நாட்களில். அந்தப் பிள்ளைகளின் குறி அவ்வளவு மோசமென்று இரஞ்சிதம் ஒருநாளும் நம்பவில்லை.