சீரங்கன்காட்டு வீட்டுச் சந்தை நிலவரம்

சீரங்கன்காட்டில் திங்கட்கிழமை மாட்டுச் சந்தை, செவ்வாய்க்கிழமை வீட்டுச் சந்தை. திடல் ஒன்றுதான். திங்கட்கிழமை பொழுதோடு சாணியைக் கூட்டி அள்ளிவிட்டால், மறுநாள் காலையில் அதே முளைகளில் வீடுகளைக் கட்டிவிடலாம். சுங்கம் மட்டும் வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல். வீடுகளுக்குக் காலை மடக்கிப் படுக்கத் தெரியாது, இடத்தை அடைக்கும் என்பார் சந்தைக் குத்தகைக்காரர்.

ராக்கியப்பன் தன் வீட்டை அன்றைக்கு விடிந்ததும் கிளப்பிவிட்டார். நாற்பத்தோரு வருடம் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத வீடு. எழுந்து நிற்கவே கால் மணி நேரம் பிடித்தது. எழுந்த பிறகு குறை சொல்ல முடியாது. அஸ்திவாரத்தைச் சேலைக் கொசுவம் போல ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடு ஒன்றுகூட நழுவாமல், வாய்க்கால் ஓரமாகப் பதவிசாக நடந்தது. வாசல் நிலையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போனார். பின்னாலிருந்து தட்டி ஓட்ட ஆள் வேண்டியிருக்கவில்லை.

விற்க வேண்டி வந்த காரணம் சின்னதுதான். அவரும் சம்சாரம் மயிலாத்தாளும் கோயமுத்தூரில் மகளோடு போய் இருப்பது என்று முடிவாகியிருந்தது. மகள் குடியிருப்பது நாலாவது மாடியில். வீட்டையும் கையோடு கூட்டிவந்துவிடுகிறோம் என்று கேட்டுப் பார்த்தார்கள். அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். நாய் என்றால் முழங்கால் உயரம் வரை வளர்க்கலாம், வீடு வளர்க்க அனுமதியில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அது லிஃப்டில் ஏறாது.

மனையைப் பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுத்தாகிவிட்டது. அவர் டிராக்டரை உறுமவிட்டபடி காத்திருந்து, வீடு முக்குத் திரும்புவதற்குள் உழுது மக்காச்சோளம் போட்டுவிட்டார். ஆகவே ஓட்டிப்போன வீட்டைத் திருப்பி ஓட்டிவர வழியில்லை. போனால் விற்றுவிட்டுத்தான் வரவேண்டும்.

கிளம்பும்போது மயிலாத்தாள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"யாருக்கு வேணாலும் குடுங்க. கடப்பாரைக்காரனுக்கு மட்டும் குடுத்துப் போடாதீங்க. குடுத்தீங்கன்னா வீட்டுப் பக்கம் வந்துராதீங்க."

"எந்த வீட்டுப் பக்கம்?"

"அத அப்பறம் பேசிக்கலாம், நீங்க போங்க."

மாட்டுச் சந்தையில் அடிமாட்டு வியாபாரி எப்படியோ, வீட்டுச் சந்தையில் கடப்பாரைக்காரர்கள் அப்படி. குடியிருப்பதற்காக அவர்கள் வாங்குவதில்லை. கதவைத் தனியே, ஜன்னலைத் தனியே, உத்திரத்தைத் தனியே பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். காலையில் அவர்களைச் சந்தைப் பக்கம் பார்க்க முடியாது. மத்தியானச் சாப்பாட்டை முடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, மூன்று மணிக்கு மேல் சாவகாசமாக வருவார்கள். அதுவரை விலைபோகாத வீடு அவர்களுக்குத்தான்.

தரகர் அங்கமுத்து தோளில் துண்டோடு சந்தை வாசலிலேயே நின்றிருந்தார். வீட்டைச் சுற்றி வந்து புறச்சுவரில் நாலு தட்டுத் தட்டினார்.

"இன்னிக்கு வரத்து அறுபத்திமூணுண்ணா. ஆவணி பொறந்ததும் அத்தன பேரும் ஓட்டியாந்துட்டாங்க. வெலை நிக்காது. வெரசா முடிச்சுப் போடோணும்."

நிலவரம் அப்படித்தான் இருந்தது. நாலுவழிச் சாலை வருகிறது என்ற பேச்சில் போன வருடம் வடக்குப் பார்த்த வீடுகளுக்கு ஒரே மவுசு. சாலை வேறு ஊர்ப் பக்கம் போனதும் அந்த வீடுகள் வெட்கப்பட்டு ஆளுக்கொரு திசையில் திரும்பி உட்கார்ந்துவிட்டன. மாடி வீட்டுக்கும் இப்போது கேள்வி இல்லை. நடக்கும்போது மாடி பின்தங்கிவிடுகிறது. கீழ்வீடு ஏழு மணிக்கே வந்து சேர்ந்தாலும் மாடி பத்து மணி பஸ்ஸுக்குத்தான் வந்து இறங்குகிறது, அதற்குள் வாங்க வந்தவர் போய்விடுகிறார். விலை ஏறியிருந்தது சினை வீடுகளுக்கு மட்டும்தான்.

முதலில் வந்த பெருந்துறைக்காரரும் அதைத்தான் கேட்டார்.

"எத்தன ஈத்துங்க?"

"ரெண்டுங்க. மொத ஈத்து மாட்டுக்கொட்டாய். அடுத்தது கக்கூசு," என்றார் ராக்கியப்பன்.

"இப்ப சினையா?"

"இல்லீங்க."

பெருந்துறைக்காரர் அடுத்த முளைக்கு நகர்ந்தார். அங்கமுத்து பல்லைக் கடித்தார்.

"சினைன்னு சொன்னா என்னண்ணா கொறஞ்சு போறீங்க? ஆறு மாசத்துக்கு யாருக்குத் தெரியும்? ஒரு போர்ட்டிகோவாச்சும் போடாமயா போயிரும்?"

"வயசாயிருச்சு அங்கமுத்து. இனிப் போட்டா அதுக்கே ஆகாது."

ஆனால் அந்த வீட்டின் பெரிய குறை வயசல்ல, தெருக்குத்து. வாசலுக்கு நேரே தெரு வந்து முட்டினால் அந்த வீடு ஆகாது என்று நம்புகிறவர்கள் நம் பக்கம் நிறைய. இந்த வீடு எங்கே நின்றாலும் ஒரு தெரு தேடிக்கொண்டு வந்து முட்டும். நாற்பத்தோரு வருடத்துக்கு முன்னால் நட்ட நடுக் காட்டில்தான் கட்டினார்கள். பால் காய்ச்சிய எட்டாம் நாள் தெரு வந்துவிட்டது.

சந்தையிலும் விடவில்லை. எட்டு மணிக்கு முளையில் கட்டினார். எட்டரைக்கு எதிரே டீக்கடைக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவே ஒரு சந்து விழுந்தது. ஒன்பதுக்கு அது அகன்று தெருவாகிவிட்டது. வீட்டை அவிழ்த்து வேப்பமரத்தடிக்கு மாற்றிக் கட்டினார். தெரு கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, வளைந்து, மறுபடியும் வாசலுக்கே வந்தது. பத்தரைக்கு அந்தத் தெருவில் ஒருவர் கீரை விற்றுக்கொண்டு வந்தார். ராக்கியப்பன் இரண்டு கட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டைப் பார்த்துத் தலையாட்டியபடி வந்தவர்கள் எல்லாம், திரும்பித் தெருவைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

ஒரு மணிக்குச் சந்தை இறங்கத் தொடங்கியது. அது முதலில் வீடுகளுக்குத்தான் தெரியும். சுண்ணாம்பு மங்கும். காலையில் பளிச்சென்று நின்ற சுவர்கள் பழைய வேட்டி நிறத்துக்கு வந்துவிடும். ராக்கியப்பன் ஒரு குடம் தண்ணீர் வாங்கி வாசல் தெளித்தார். கோலம் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று, தனக்குத் தெரிந்த மாதிரி ஒன்று போட்டார். அது பம்புசெட் மாதிரி வந்தது. பம்புசெட்டும் சேர்த்தா என்று ஒருவர் விசாரித்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குக் கடப்பாரைக்காரர்கள் வந்தார்கள். தலைவர் பெயர் வையாபுரி. அதிர்ந்து பேசாத மனிதர். கூட நாலு பேர், ஆளுக்கொரு கடப்பாரை. வையாபுரி உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார்.

"உத்திரம் தேக்குங்களா?"

"ஆமாங்க," என்றார் ராக்கியப்பன். வீடு ஒரு பக்கத்து ஜன்னல்களை எல்லாம் மெதுவாகச் சாத்திக்கொண்டது.

அங்கமுத்து வழக்கம்போலத் துண்டை விரித்துப் பிடித்தார். இந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவர் துண்டுக்கு அடியில் கை கொடுத்து எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ, நீட்டுகிறாரோ, அதுதான் விலை. வையாபுரி நாலு விரல் பிடித்தார். அந்த நேரத்துக்கு நல்ல விலை. யாரும் குறை சொல்ல மாட்டார்கள், மயிலாத்தாளைத் தவிர.

"ரோசன பண்ணிச் சொல்றனுங்க," என்றார் ராக்கியப்பன்.

"பண்ணுங்க. நாங்க டீ குடிச்சுட்டு வந்தர்றோம். மொதக் கை என்னுது, ஞாபகம் வெச்சுக்குங்க. எனக்கு மேல ஒரு விரல் யாராச்சும் புடிச்சாங்கன்னா நான் ஒதுங்கிக்கறேன். நாலுன்னா நாலு, எனக்குத்தான்."

சந்தைச் சட்டமும் அதுதான்.

அவர்கள் டீக்கடைக்குள் நுழையவும், தெருவின் மறுகோடியிலிருந்து ஒரு பெண் நடந்து வரவும் சரியாக இருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது. பெயர் கோகிலா, சிவகிரிப் பக்கம் தையல் கடை.

"இது ஓடுமுங்களா?" என்று முதல் கேள்வி கேட்டாள்.

"நாப்பத்தோரு வருசமா இன்னிக்குத்தான் அம்மணி எந்திரிச்சுது. ஏன் கேக்கறே?"

"வாடகை வீட்டுல சீரழிஞ்சுட்டனுங்க. பதினோரு மாசம் முடிஞ்சா அது பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருது. தையல் மிசினு ரோட்டுல நிக்கும். ஒருக்கா நான் குளிச்சுட்டு இருக்கறப்பவே போயிருச்சுங்க."

"அடக் கெரகமே."

"அதான் கடன ஒடன வாங்கி ஒரு எடம் புடிச்சு வெச்சிருக்கறன். நாலு பக்கமும் அடுத்தவங்க காடு. பாதையே கெடையாது, அதனால சல்லிசா வந்துச்சு. வரப்புக்காரரு ஊருக்குப் போற நாளாப் பாத்து, அவரு வரப்பு வழியாப் போயி எட்டிப் பாத்துட்டு வந்துருவனுங்க." அவள் திரும்பித் தான் வந்த வழியைப் பார்த்தாள். "போன வாரம் வந்தப்ப இந்தத் தெருவ இங்க பாக்கலியே?"

அங்கமுத்து இருமிக் காட்டினார். ராக்கியப்பன் கண்டுகொள்ளவில்லை.

"மறைக்கப்படாது அம்மணி. அது வீட்டோட கொறை. எங்க நின்னாலும் தெரு வந்து முட்டும்."

"எங்க நின்னாலுமா?"

"ஆமா."

"குறுக்க அடுத்தவங்க காடு இருந்தா?"

"அது யாரையும் கேட்டுட்டெல்லாம் வராது."

கோகிலா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அங்கமுத்து துண்டை உதறி விரித்தார்.

துண்டுக்கு அடியில் அவள் நீட்டிய விரல்களை ராக்கியப்பன் தடவிப் பார்த்தார். மூன்று விரல். நாலாவதாக ஒன்று சில்லென்று இருந்தது. ஊசி குத்தாமல் இருக்க விரல் நுனியில் மாட்டும் அங்குஸ்தானைக் கழற்ற மறந்துபோயிருந்தாள்.

"இது எத்தன அம்மணி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்கிட்ட இருக்கறது அவ்வளவுதானுங்க," என்றாள்.

சந்தையில் அதுவரை இரும்பு விரலுக்கு விலை வைத்ததில்லை. குத்தகைக்காரருக்கு ஆள் போயிற்று. அவர் வந்து துண்டுக்கு அடியில் மூன்றாவது கையாகத் தன் கையை விட்டுப் பார்த்தார். அதற்குள் வையாபுரியும் டீ குடித்துவிட்டு வந்து நின்றார்.

"இரும்பும் ஒரு விரல்னா நாலுக்கு நாலு, மொதக் கை வையாபுரிது, அவரு அவுத்துக்கலாம்," என்றார் குத்தகைக்காரர். "இரும்பு ரெண்டு விரலுக்குச் சமம்னா வீடு அம்மணிக்கு. அத நான் எப்படிச் சொல்றது? நான் தானியமண்டிக்காரன். இரும்பப் பத்தித் தெரிஞ்சவங்கதான் சொல்லோணும்."

எல்லோரும் வையாபுரியைப் பார்த்தார்கள்.

"நீங்களே சொல்லுங்க வையாபுரி. இரும்பு ஒசத்தியா, சதை ஒசத்தியா?" என்று கேட்டார் குத்தகைக்காரர்.

வையாபுரி வெற்றிலைச் சாற்றை ஒதுக்கினார். பன்னிரண்டு வயதில் கடப்பாரையைப் பிடித்தவர். கூட வந்த நாலு பேரும் தங்கள் கடப்பாரையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தார்கள். கடப்பாரைகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன.

"சதையென்னங்க சதை," என்றார் வையாபுரி கடைசியில். "ஒரு இரும்பு விரலு, ரெண்டு சதை விரலுக்குக் கொறையாது."

சொல்லிவிட்டு அடுத்த முளைக்குப் போனார். நாலு பேரும் மிடுக்காகப் பின்னால் போனார்கள். அவர் இரண்டு மூன்று தரம் திரும்பித் தேக்கு உத்திரத்தைப் பார்த்தது வேறு விஷயம்.

விற்ற வீட்டின் கயிற்றை விற்றவர் வைத்துக்கொள்ள வேண்டும், வாங்கியவர் புதுக்கயிறு கட்ட வேண்டும். கோகிலா கயிறு கொண்டுவரவில்லை. கழுத்திலிருந்த இஞ்சு டேப்பை எடுத்து நிலையில் கட்டினாள். வீடு முரண்டு பிடிக்கவில்லை. கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தது. தெரு தன்னைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போயிற்று, கீரைக்காரரும் கூடவே. திடலைத் தாண்டும்போது கொல்லைப்புற ஜன்னல் ஒரு தரம் திறந்து மூடியது. ராக்கியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது அங்கமுத்துவின் துண்டு.

நாலரை மணிக்கு வேப்பமரத்தடியில் அவர் மட்டும் நின்றிருந்தார். அப்போது ஒரு வீடு, கயிறும் இல்லாமல் கூட ஆளும் இல்லாமல், அவர் முன்னால் வந்து நின்றது. இளவட்ட வீடு. வெளிநாட்டிலிருக்கும் மகன்கள் பணம் அனுப்பிக் கட்டி, ஒருவரும் குடிவராமலே கிடந்தது. பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. அவரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தது. பிறகு சமையலறை ஜன்னல் கதவால் அவர் மோவாயை லேசாகத் தூக்கி, பல்லைப் பார்த்தது.

அங்கமுத்து ஓடிவந்து துண்டை வாங்கி உதறினார். வீட்டின் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"ராத்திரியில இருமுவீங்களாண்ணா?"

"பனிக்காலத்துல மட்டும்."

"செவுத்துல ஆணி அடிக்கற பழக்கம்?"

"காலண்டருக்கு ஒண்ணு. அவ்வளவுதான்."

துண்டு விரிந்தது. ராக்கியப்பன் அடியில் கை கொடுத்தார். எதிர்ப்பக்கமிருந்து ஒரு ஜன்னல் கொக்கி வந்து அவர் விரல்களைப் பிடித்தது. அந்த நேரத்துக்கு நல்ல விலை.

"ஒத்தையாக் குடுக்கறதில்லீங்க," என்றார் அவர். "ஜோடியாத்தான்."

கொக்கி இன்னும் ஒரு விரலைச் சேர்த்துப் பிடித்தது. அவர் மறுகையால் போனை எடுத்து மயிலாத்தாளைக் கூப்பிட்டார்.

"கடப்பாரைக்காரனுக்குக் குடுக்கலே. நீ அந்தப் பச்சைச் சீலையக் கட்டிக்கிட்டு அஞ்சு மணி பஸ்ஸுக்கு வா."

"கோயமுத்தூர்ல புள்ளகிட்ட என்னன்னு சொல்றது?"

"நமக்கு வெலை படிஞ்சிருச்சுன்னு சொல்லு. வாரப்ப பல்செட்ட மறக்காம மாட்டிட்டு வா. பாக்கறாங்க."