சூப் குடித்த ஹெல்கா

மலைக்குடிலின் பதிவேட்டில் 'ஹெல்கா பிரிங்க்மான், தனியாக, அடுத்த குடிலுக்கு' என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள் அந்த ஜெர்மன்காரி. தலைநகர் ரேக்யவிக்கில் மூன்று நாள் சுற்றி, வெந்நீர்க் குளத்தில் ஊறி, எரிமலைக் காட்டை ஒற்றையாகப் பார்க்க வந்தவள். காலையில் மூடுபனி.

"போலாமா?" என்று தயங்கினாள்.

குடில்காரி ஸ்டைன்வோர்தான் பெரிய மனுஷி போல, "இதெல்லாம் ஒரு பனியா? பத்து மணிக்கு வெலகிடும், கெளம்பு" என்று அனுப்பினாள்.

எங்கே விலகியது? மதியத்துக்குள் வழிக்கம்பம்கூடத் தெரியவில்லை. இரண்டு மணிக்கு ஸ்டைன்வோர் அடுத்த குடில்காரனை வாக்கிடாக்கியில் கூப்பிட்டாள்.

"பிர்கிர், ஹெல்கா வந்துட்டாளா?"

"ஓ, வந்துட்டா! ரெண்டு கிண்ணம் ஆட்டுக்கறி சூப் காலி. பானையக் காப்பாத்தறதே பெரும்பாடா இருக்கு."

ஸ்டைன்வோருக்கு உயிர் வந்தது. காப்பி குடித்தாள், ஜன்னல் துடைத்தாள். இரண்டு மணி நேரம் நிம்மதியாக இருந்தாள், பாவி.

நாலு மணிக்கு அடுப்போரம் ஒரு ஜோடி கையுறை கண்ணில் பட்டது; மறுபடி வாக்கிடாக்கியை எடுத்தாள். "கையுறைய மறந்துட்டான்னு அவகிட்டச் சொல்லு" என்றாள். கொஞ்சம் கரகரப்பு. பிறகு பிர்கிரின் குரல் இறங்கி வந்தது.

"இவ உன் குடிலுக்கே வரலையாம். தெக்கேருந்து வந்தவ. நம்ம ஊர்க்காரி."

இந்த நாட்டில் ஜனாதிபதியைக்கூட முதல் பெயரால்தான் கூப்பிடுவார்கள். ஹெல்கா என்றால் ஹெல்கா, அதற்குமேல் யார் கேட்கிறார்கள்? ஸ்டைன்வோர் அந்தக் கையுறையைப் பையில் திணித்தாள்.

"மீட்புக் குழுவக் கூப்பிடு. நான் இங்கேருந்து நடக்கறேன்."

"தனியாவா? பைத்தியமா ஒனக்கு?"

"அவளத் தனியாத்தானே அனுப்பினேன்!"

கம்பம் கம்பமாகத் தடவிக்கொண்டு போனாள். பாதைக்கு வலப்புறம் மெல்லிய மண்ணுக்கடியில் சேறு கொதிக்கிற சத்தம். கால் தவறினால் எலும்பு மிஞ்சாது. இரண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஹெல்கா!"

"ஏய்! இங்க!"

ஓடினாள். எதிரே வந்தவள் வேறு யாரோ.

"நான் சூப் குடிச்ச ஹெல்கா" என்றாள் அவள், மூச்சு வாங்க. "சும்மா உக்கார முடியல, தேடிட்டே வந்தேன். அங்கேருந்து இதுவரைக்கும் பாதையில யாருமில்ல."

ஸ்டைன்வோர் வந்த பாதையிலும் யாருமில்லை. அப்படியானால் மிச்சம் கொதிக்கிற பக்கம்தான். ஸ்டைன்வோர் அந்தப் பக்கம் திரும்பினாள். பதிவேட்டில் பார்த்தும் பார்க்காமல் விட்ட அந்த இரண்டாவது பெயர் நினைவுக்கு வந்தது.

"ஹெல்கா பிரிங்க்மான்!"

பத்தடி கீழே, பாறை மறைவில், யாரோ முனகினார்கள். கணுக்கால் வீங்கி, உதடு நீலம் பாய்ந்து, சுருண்டு கிடந்தாள் ஜெர்மன்காரி.

"மொதல்ல கூப்பிட்டதும் கேட்டுச்சு" என்றாள் தீனமாக. "ஆனா வேற யாரோ பதில் சொன்னாங்க. நீங்க தேடினவங்க கெடச்சுட்டாங்கன்னு பேசாம இருந்துட்டேன்."

ஸ்டைன்வோர் அவள் கையில் கையுறையை மாட்டிவிட்டு ஓவென்று அழுதாள்.