துளசியின் பெயர் அட்டை

மலேசியாவின் கோலசிலாங்கூர் ஊர் ஹோட்டலில் அறை துப்புரவுக்குச் சேர்ந்த அன்றே, வேலையை விட்டுப் போன துளசியின் பெயர் அட்டையைத் தனேஸ்வரியின் சட்டையில் குத்திவிட்டார்கள்.

"புதுசு வரும் லா, அதுவரைக்கும் இதைப் போட்டுக்க" என்றார் சூப்பர்வைசர் சிவானந்தம்.

ஒன்றரை வருடமாகியும் அட்டை வரவில்லை. நாளுக்குப் பதினெட்டு அறைகள் மட்டும் தவறாமல் வந்தன. மெத்தை தூக்கித் தூக்கி இடுப்பு கழன்றது.

இன்று அறிவிப்புப் பலகையில் தலைமை அலுவலகம் அனுப்பிய தாள் ஒன்று தொங்கியது. விருந்தினர்கள் எழுதிப் பாராட்டியதால் இம்மாதச் சிறந்த ஊழியர் துளசியாம்.

தனேஸ்வரி அட்டையைக் கழற்றிச் சிவானந்தத்தின் மேசையில் வைத்தாள். "நாளையிலிருந்து வரமாட்டேண்ணே."

அவர் நிமிரவில்லை. அட்டையைத் துடைத்து இழுப்பறையில் போட்டார்.

"திங்கக்கிழமை ஒரு புதுப் பொண்ணு வருது. அதுக்கு ஆகும்."