கறுப்பு நின்ற இடம்

ஃப்ளோரன்சுக்குக் காய்ச்சல் கண்டபோது டெங்குவாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த மழைக்காலத்தில் ஆரணியில் தெருவுக்கு இரண்டு பேர் அப்படிப் படுத்திருந்தார்கள். டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவளும் கஞ்சியும் மாத்திரையுமாகக் கிடந்தாள்.

பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள் கிளம்பி, ஊதாவாகி, ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. அவள் காலைத் துடைத்துக்கொண்டிருந்த கணவன் சார்லி சட்டென்று துணியைக் கீழே வைத்தான்.

"சுண்டுவிரலு கறுத்துகினு வருது ஃப்ளோரா. தொட்டா தெரியுதா?"

"எங்க தொட்டீங்க?"

அவன் அப்போதே வேலூருக்குக் கார் பிடித்தான்.

அங்கே டாக்டர் பரிமளா புள்ளிகளை அழுத்திப் பார்த்தார். நிறம் மாறவில்லை.

"வீட்ல நாய் இருக்குதாங்க?"

"இருக்குதுங்க. உடம்பெல்லாம் உண்ணி. இவதான் கையால புடுங்கிப் போடுவா," என்றான் சார்லி.

"உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சல்தான் இது. சின்னச் சின்ன ரத்தக் குழாய் வீங்கி அடைச்சுக்கும். ரத்தம் போகாத எடத்துல தோல் செத்துடும்."

ரிசல்ட் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. டாக்ஸிசைக்ளின் மருந்தை உடனே ஆரம்பித்தார். காய்ச்சல் விட்டது. கறுப்பு விடவில்லை. காது மடலின் ஓரத்திலும் படர்ந்தது.

"வெட்டிடுவீங்களா?" என்று கேட்டாள் ஃப்ளோரன்ஸ்.

"அவசரமில்லம்மா. எதுவரைக்கும் உசுரு இருக்குதுன்னு தோலே காட்டும். அப்புறம் பாக்கலாம்."

அந்தக் காத்திருப்புதான் பேஜார். நாயைச் சேத்துப்பட்டில் தன் தங்கை வீட்டில் விட்டுவிடலாம் என்றான் சார்லி.

"அங்க போனா அவங்களுக்கு வராதா? மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிம்போயி உண்ணிக்கு மருந்து போடுங்க," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

கட்டு மாற்றும்போதெல்லாம் இருவருமே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஒருநாள் ஃப்ளோரன்ஸ் நர்ஸிடம் தலையணையை உயர்த்தச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். சுண்டுவிரல் காய்ந்த பேரீச்சம்பழம்போல் சுருங்கியிருந்தது. அதன் அடியில் கோடு கிழித்தாற்போல் கறுப்பு நின்றுவிட்டது. இந்தப் பக்கம் இளஞ்சிவப்பாகச் சதை.

"இவ்ளோதானா?" என்றாள். "பாதமே போயிடுச்சுன்னு நெனச்சிகினு இருந்தேங்க!"

அவள் சிரிப்பதைக் கேட்டபிறகுதான் சார்லி திரும்பிப் பார்த்தான். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த ஒரு விரல் போயிற்று. காது மடலில் சின்னதாக ஒரு குறை. வீட்டுக்கு வந்தபின் புண் ஆறும்வரை தினமும் கட்டுப்போட்டது சார்லிதான்.