சண்டை குடித்த பாசி

பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்தும் பிரபாகர் வீட்டில் போன ஐப்பசி முதல் தேதியிலிருந்து சண்டைச் சத்தம் யார் காதிலும் விழவில்லை. சண்டை நிற்கவில்லை. அவரும் மனைவி சித்ரகலாவும் கல்யாணமான நாளிலிருந்து போட்டதுபோலவே போட்டார்கள். வாய் அசைந்தது, கை நீண்டது, சத்தத்தை மட்டும் ஜன்னலில் தொங்கிய ஒரு கூடைப் பாசி குடித்துவிட்டது.

சித்ரகலா வரவழைத்த ஆர்கிட் செடிகளுக்காக இரண்டு மூட்டையில் வந்த சதுப்பு நிலத்துப் பாசி அது. செடிகள் ஒரே வாரத்தில் பட்டுப்போயின, பாசி தழைத்தது. ஒரு மூட்டைப் பாசி தண்ணீர் குடித்தது, அடைமழையிலும் ஈரத்துணியைப் பத்து நிமிடத்தில் காயவைத்தது. மற்றது ஏச்சுப்பேச்சை மட்டும் குடித்தது. பாட்டையும் தையல் மிஷினையும் தொடவில்லை. கோயமுத்தூரிலிருந்து வந்த தாவரவியல் பேராசிரியர் சகாயராஜ் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் அக்கா தங்கச்சி, இலைத் துளை ஒன்றில் வட்டம், மற்றதில் நீளம், வெறுங்கண்ணால் பிரிக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார். அதனால் சண்டைப் பாசிக் கூடையில் சிவப்பு வெட்டுத்துணி கட்டி வைத்தார்கள்.

கார்த்திகைக் கடைசியில் மகள் சண்முகப்பிரியாவைப் பெண் பார்க்க ஊத்துக்குளியிலிருந்து நித்தீஷும் அவன் தாயார் பூவாத்தாளும் வந்தார்கள். போட்டோவிலேயே சண்முகப்பிரியாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. வீட்டைச் சுத்தம் செய்த அவசரத்தில் சிவப்புத் துணியை யாரோ அவிழ்த்துவிட்டிருந்தார்கள். காபி கொட்டியது. சித்ரகலா கைக்கு எட்டிய பாசியை அள்ளித் தரையில் வைத்து அழுத்தினாள். காபி அப்படியே கிடந்தது. அழுத்திய பாசியிலிருந்து இரண்டு மாதச் சண்டை தேதி வரிசையில் வெளியே வந்தது. பிரபாகர் டிவியைப் போட்டுப் பார்த்தார், அமுக்க முடியவில்லை. இருபது நிமிடம் கழித்து முந்தின நாள் சண்டை வந்தது.

"மாப்பிள்ளப் பையன் வெண்ணெ உருண்டையாட்ட இருக்கறான்" என்றது பாசிக்குள்ளிருந்த பிரபாகரின் குரல்.

"உங்களயாட்ட வத்தலா இருக்கறதுக்கு அது தேவலீங்க" என்றது சித்ரகலாவின் குரல்.

சண்முகப்பிரியா முகத்தை மூடிக்கொண்டாள். எல்லோரும் பூவாத்தாளைப் பார்த்தார்கள்.

"அத்தை சொன்னது சரிதானுங்க, அது தேவலைதான்" என்று நித்தீஷ் வயிறு குலுங்கச் சிரித்தான். பூவாத்தாள் சிரிக்கவில்லை. குனிந்து பாசியை முகர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, எங்கூட்டுக்கு ஒரு கைப்பிடி கெடைக்குங்களா?"

தை மாதம் கல்யாணம் நடந்தது. இப்போது ஊத்துக்குளியில் பன்னிரண்டு வீடுகளில் அந்தப் பாசி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்னந்தோப்புக்குக் கொண்டுபோய்ப் பிழிகிறார்கள். அந்த நேரத்தில் அங்கே யாரும் மாடு கட்டுவதில்லை; கட்டினால் பால் கொஞ்சம் குறைகிறது.